பெயரை விட்டு நிலத்தைப் பிடித்தேன்

என் மாமனார் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், சலீன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பிறந்து, அங்கேயே மக்காச்சோளம் போட்டு, மாடு வளர்த்து, அங்கேயே கண்ணை மூடியவர். பொஹீமியாவிலிருந்து குடியேறிய செக் குடும்பம். மழை, விலை, மாடு இந்த மூன்றையும் தாண்டி அவர் பேசி நான் கேட்டதில்லை. தினமும் மழைமானியைப் பார்த்து, விதைக் கம்பெனி ஓசியாகக் கொடுத்த பாக்கெட் நோட்டில் குறித்து வைப்பார். கடன் என்ற பேச்சு எழுந்தாலே எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார். டிராக்டரைக்கூட ரொக்கம் கொடுத்துத்தான் வாங்கினார்.

அவர் போன பிறகு, அப்பாவின் கதையை எழுதி வைக்கலாம் என்றார் என் கணவர். யோசனை அவருடையது, வேலை என் தலையில்.

எல்லோரையும் போல மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் தொடங்கினேன். அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழித்து அந்தத் தாள்களை அப்படியே பொதுவில் வைத்துவிடுகிறார்கள். 1950-இன் தாள்கள் 2022 ஏப்ரலில் வந்தன. ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் செக் பெயர்களைக் கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே குடும்பத்துக்கு ஒவ்வொரு பத்தாண்டும் ஒரு ஸ்பெல்லிங். பெயரைத் தட்டித் தேடுவதை விட்டு, அந்த வட்டாரத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் ஆளைப் பிடித்தேன்.

1930 தாளில் வீடு சொந்தம் என்று குறி. வீட்டில் ரேடியோ உண்டா என்றுகூட அந்த வருடம் கேட்டிருக்கிறார்கள், உண்டு. 1940 தாளில் மாமனாருக்குப் பத்தொன்பது வயது, படிப்பு எட்டாம் வகுப்பு. அவருடைய அப்பாவின் வருமானக் கட்டத்தில் பூஜ்யம். இதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்தக் கட்டம் சம்பளத்துக்கு மட்டுமானது, விவசாயிகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். என்னை நிறுத்தியது வேறொரு கட்டம். சொந்தம் என்றிருந்த இடத்தில் இப்போது வாடகை.

நான் பத்திர எழுத்தர் வீட்டுப் பெண். மூலப் பத்திரம், வில்லங்கம் என்ற பேச்சிலேயே வளர்ந்தவள். இனி ஆளைத் தேடுவதில் பயனில்லை, நிலத்தைத் தேட வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அங்கே நில அளவை படு நேர்த்தி. ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி, மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, வளைந்து வளைந்து தென்கிழக்கு மூலையில் 36-இல் முடியும். செக்‌ஷனில் கால் பங்கு 160 ஏக்கர். 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் அரசு கொடுத்தது அதைத்தான். நம் ஊர் சர்வே எண் மாதிரி, யார் கைக்குப் போனாலும் இந்த அடையாளம் மாறாது. முதல் பட்டாவைக் கூட்டரசின் நில அலுவலகத் தளத்தில் எடுத்தேன். அதன் பின்னால் ஒரு கோப்பு இருக்கும், அதுதான் பொக்கிஷம்: வீடு எத்தனை அடி, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழுதிருக்கிறார் என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவர் சொன்ன சாட்சி.

அப்புறம் கவுண்டி கோர்ட் கட்டடம். பெயர்வாரி அட்டவணையை விட்டுவிட்டு நிலவாரி அட்டவணையைக் கேளுங்கள். அந்தக் கால் செக்‌ஷனின் கதை முழுக்க ஒரே பக்கத்தில் வரிசையாக வந்துவிடும். பட்டா, பாகம், அடமானம், இன்னொரு அடமானம். 1936-இல், கடன் கட்டாததால் கவுண்டி அதிகாரியான ஷெரிஃப் ஏலத்தில் விற்ற பத்திரம். வாங்கியது கடன் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி. 1934-லும் 1936-லும் மழை பொய்த்து, விளைந்ததும் காய்ந்த காலம். அதற்கு முன்பே, 1933-இல், ஜப்தியை நிறுத்தச் சொல்லி விவசாயிகள் ஆயிரக்கணக்கில் மாநிலத் தலைநகரான லிங்கன் நகருக்கு ஊர்வலம் போனார்கள். கடனைக் கட்ட அவகாசம் கொடுக்கச் சட்டமும் வந்தது. இவர்களை அது காப்பாற்றவில்லை. சொந்தமாயிருந்த நிலத்திலேயே, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்கு உழுதிருக்கிறார்கள். கடைசி வரியில், 1947, அதே 160 ஏக்கரை என் மாமனார் பெயருக்கு எழுதிய பத்திரம். அடமானம் எதுவும் இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது? ராணுவச் சம்பளமாக இருக்கலாம் என்று அவருடைய ராணுவக் கோப்பைக் கேட்டு எழுதினோம். செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973-இல் பிடித்த தீயில், 1912-க்கும் 1960-க்கும் நடுவில் விலகிய தரைப்படையினர் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விட்டது. இவருடையதும் அதில்தான். ஆனால் ஊர் திரும்பிய சிப்பாய்கள் பலர் தங்கள் விடுவிப்புச் சான்றிதழைக் கவுண்டியில் பதிந்து வைத்திருக்கிறார்கள். பத்திரம் இருந்த அதே கட்டடத்தில் அதுவும் கிடைத்தது. கையில் கொடுத்த தொகை வரை அதில் இருக்கிறது. நிலம் வாங்க அது எந்த மூலைக்கும் போதாது. மீதியை எப்படிச் சேர்த்தார் என்பதற்குக் காகிதம் இல்லை.

லிங்கனில் மாநில வரலாற்றுச் சங்கத்தில் உள்ளூர் வாரப் பத்திரிகைகள் மைக்ரோஃபிலிமில் இருக்கின்றன. யார் வீட்டுக்கு ஞாயிறு விருந்துக்கு யார் வந்தார்கள் என்பதுவரை போடுவார்கள். ஏல அறிவிப்பு வந்த இதழிலேயே இவர்கள் வீட்டு விருந்துச் செய்தியும் இருக்கிறது.

இப்போது வீட்டில் ஒரு தகராறு. நிலம் ஏலம் போனதைப் பற்றி அப்பா வாயே திறக்காதபோது அதை நாம் ஏன் அச்சில் போட வேண்டும் என்கிறார் நாத்தனார். போடாவிட்டால் அவர் ஏன் அப்படி இருந்தார் என்று பேரப்பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் என்கிறார் என் கணவர். என் கட்சி கணவர் கட்சி. ஆனாலும் நாத்தனார் படித்துச் சரி சொல்லும் வரை அந்த அத்தியாயத்தைத் தனியாக வைத்திருக்கிறேன்.