ஐந்து கிராம் அசெட்டனிலைடு

ஜூலை 15, செவ்வாய்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. பாளையங்கோட்டைக்கு மழை வந்து சேரவில்லை. ஈரக்காற்று மட்டும் லேப் ஜன்னல் வழியாக வந்து பர்னர் சுடரை ஆட்டிக்கொண்டே இருந்தது.

அனிலீனையும் அசெட்டிக் அன்ஹைட்ரைடையும் சேர்த்து அசெட்டனிலைடு தயாரித்தோம். ஐஸ் தண்ணீரில் ஊற்றியதும் தயிர் போலத் திரண்டது. வடிகட்டிப் பார்த்தால் லேசான பழுப்பு. அனிலீன் காற்றுப்பட்டால் பாட்டிலிலேயே கறுத்துப்போகும், அந்த நிறம்தான் இதிலும் ஏறியிருக்கிறது. ஐந்து கிராம் நிறுத்து வைத்தாயிற்று. வியாழக்கிழமை மறுபடிகமாக்கல், அதாவது வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, சுத்தமான படிகமாகத் திரும்ப எடுப்பது.

ஜூலை 17, வியாழன்

இன்று எல்லாவற்றிலும் அவசரப்பட்டேன்.

கணக்கு எளிதுதான். கொதிக்கும் தண்ணீர் 100 மில்லி, சுமார் 5 கிராம் அசெட்டனிலைடைக் கரைக்கும். அதே தண்ணீர் 25 டிகிரிக்கு ஆறினால் அரை கிராம் சொச்சம்தான் கரைசலில் தங்கும். மீதி படிகமாக வெளியே வந்தாக வேண்டும். அழுக்கு கொஞ்சமாக இருப்பதால், ஆறின பிறகும் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். படிகத்தை வடித்தெடுத்தால் அழுக்கு தண்ணீரோடு போய்விடும்.

80 மில்லியில் கொதிக்கவிட்டேன். அடியில் எண்ணெய் போலத் துளிகள் உருண்டன. கரையாத அழுக்கு என்று நினைத்து வடிகட்டப் போனேன். அட்டெண்டர் அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அது அழுக்கு இல்ல. உருகிக் கிடக்கிற சரக்கு. இன்னும் வெந்நி விடு."

காய்ந்திருக்கும்போது 114 டிகிரியில் உருகும் பொருள், வெந்நீருக்குள் ஈரத்தோடு இருந்தால் தண்ணீர் கொதிக்கும் முன்பே உருகிவிடுகிறது. இன்னும் 30 மில்லி விட்டதும் துளிகள் மறைந்தன. அவர் மட்டும் சொல்லாவிட்டால் பாதிச் சரக்கை பில்டர் பேப்பரோடு தூக்கிப் போட்டிருப்பேன்.

அடுத்த தப்பு கரித்தூளில். நிறம் போக்க ஒரு சிட்டிகை போட வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகுதான் போட வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் போட்டேன், பொங்கி மேஜையெல்லாம் கறுப்பு. நல்லவேளை, யார் கையிலும் படவில்லை. மிச்சத்தைச் சூட்டோடு வடித்து, நாலரை மணி பஸ்ஸை நினைத்து நேரே ஐஸில் இறக்கிவிட்டேன். ஒரே நிமிடத்தில் ரவை மாதிரிப் பொடியாக இறங்கியது. வெள்ளையாக இருந்ததால் அப்போது சந்தோஷம்தான்.

ஜூலை 18, வெள்ளி

உருகுநிலை பார்த்தேன். கேப்பிலரி என்கிற மெல்லிய கண்ணாடிக் குழாயில் பொடியை மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குத் தட்டி இறக்கி, தெர்மாமீட்டரோடு கட்டி, பாரபின் எண்ணெயில் வைத்துச் சூடாக்கினேன். 100 டிகிரிக்கு மேல் நிமிடத்துக்கு இரண்டு டிகிரிக்கு மிகாமல் ஏற்றினேன். 108-இல் ஓரம் நனைந்தது. 112-இல்தான் முழுக்கத் தெளிந்தது.

தூய பொருள் ஒரு டிகிரிக்குள் உருகி முடிந்துவிடும். வேறு மூலக்கூறு கலந்திருந்தால் சீக்கிரமே உருக ஆரம்பித்து, இழுத்து இழுத்து முடியும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பக்கத்தில் இருந்தவள் "113–114 என்று எழுது, எல்லோரும் அதைத்தான் எழுதியிருக்கோம்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ரெக்கார்டில் மார்க் போகுமே என்ற அக்கறைதான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் 108–112 என்றே எழுதினேன். மேடம் படித்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்: "நல்லா காய வச்சியா? தானா ஆற விட்டியா?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி செய்யச் சொன்னார்.

ஜூலை 20, ஞாயிறு

உடன்குடியில் ஆச்சி வீடு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆச்சி பனங்கற்கண்டு டப்பாவைத் திறந்து ஒரு கட்டியை என் கையில் வைத்தாள்.

"பதநீரைக் காய்ச்சிப் பானையில ஊத்தி நூல் கட்டி வச்சா, அப்புறம் அதைத் தொடவே கூடாது, ஏட்டி. ஆட்டினா பொடிஞ்சு போவும்."

ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் கிடந்து விளைந்த கட்டி அது. பட்டை தீட்டிய கல் மாதிரி முகம் முகமாக இருந்தது. வேகமாக விளையும் படிகம், பக்கத்தில் நிற்கும் அழுக்கையும் சேர்த்துப் பூட்டிக்கொள்ளும். மெல்ல விளைந்தால், பொருந்தாத மூலக்கூறு ஒட்டினாலும் கழன்று போக நேரம் கிடைக்கும். மேடம் வகுப்பில் சொன்னதுதான். கையில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குள் இறங்கியது.

ஜூலை 22, செவ்வாய்

வியாழக்கிழமைச் சரக்கில் 3 கிராம் மிஞ்சியிருந்தது. 70 மில்லி தண்ணீரில் கரைத்து, பிளாஸ்க்கை வாட்ச் கிளாஸால் மூடி, மடித்த துணிமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அரை மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. கண்ணாடிக் கம்பியால் உள்சுவரை ஒருமுறை உரசினேன். அந்தக் கீறலிலிருந்து ஒரு தகடு கிளம்பியது, அதிலிருந்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்க் முழுக்க மீன் செதில் மாதிரி மினுமினுத்தது. இவ்வளவு அழகான ஒன்றை நான் லேபில் பார்த்ததில்லை.

அறைச்சூட்டுக்கு வந்த பிறகே ஐஸில் வைத்தேன். உறிஞ்சி வடித்து, ஐஸ் தண்ணீரால் இரண்டு முறை, கொஞ்சமாகத்தான், கழுவினேன். சாரல் காற்றை நம்பாமல், ஈரத்தை உறிஞ்சும் மூடிய ஜாடியான டெசிக்கேட்டரில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

2.3 கிராம். உருகுநிலை 113–114.

இது அசெட்டனிலைடுதான் என்று அந்த எண் மட்டும் நிரூபிக்காது என்றார் மேடம். யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியே 133 டிகிரியில் உருகும். இரண்டையும் கலந்து அரைத்து வைத்துக் காட்டினார், 133-க்கு வெகு கீழேயே இளகிவிட்டது. அதேபோல் என்னுடையதை லேப் பாட்டிலில் இருந்த சுத்தமான அசெட்டனிலைடோடு சம அளவு அரைத்துப் பார்த்தேன். 113–114, கொஞ்சமும் இறங்கவில்லை. இரண்டும் ஒரே பொருள்.

படிகத்தை வடித்த பிறகு மிஞ்சிய தண்ணீரை, அதாவது தாய்க்கரைசலை, சுண்டவைத்ததில் இன்னும் 0.3 கிராம் கிடைத்தது. அது 109–112. அதையும் சேர்த்தால் மகசூல் கூடும், ஆனால் சேர்க்கவில்லை. இரண்டு குப்பிகள், இரண்டு லேபிள்கள், இரண்டிலும் அதது உருகிய எண். அண்ணாச்சி இரண்டையும் வாங்கி அலமாரியில் அடுத்தடுத்து வைத்தார்.