குதிகாலை ஒட்டி வருவது எது?

ஆங்கிலத்தில் எழுதும் நம்மவர்களின் கட்டுரைகளைச் செப்பனிட்டுத் தரும்போது 'ஹாட் ஆன் தி ஹீல்ஸ் ஆஃப்' என்ற தொடர் எனக்கு அடிக்கடி எதிர்ப்படுகிறது. ஒரு நிகழ்ச்சிக்குப் பின் இன்னொன்று வந்தது என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் இதை வைத்துவிடுகிறார்கள். இலக்கணம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; இடம்தான் பொருந்தாது. முன்னே ஓடுபவர் சற்று வேகம் குறைத்தாலும் பின்னால் வருபவரின் கால் அவருடைய குதிகாலை மிதித்துவிடும் என்னும் அளவு நெருக்கத்தைச் சொல்லும் தொடர் இது. அந்த நெருக்கம் இல்லாத இடத்தில், 'அதற்குப் பின்' என்று பொருள்படும் ஓர் எளிய 'ஆஃப்டர்' செய்யக்கூடிய வேலையை நான்கைந்து சொற்களைக் கொண்டு செய்வதாகவே முடியும்.

எழுத்துக்கூட்டலை முதலிலேயே சொல்லி முடித்துவிடலாம். குதிகாலைக் குறிக்கும் 'ஹீல்' என்ற சொல்லில் எச்சுக்குப் பின் இரண்டு ஈ வரும். அங்கே ஒரு ஈயும் ஒரு ஏயும் வந்தால் அது காயம் ஆறுவதைக் குறிக்கும் வினைச்சொல்லாகிவிடும். இரண்டுக்கும் ஒலிப்பு ஒன்றே என்பதால் ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினியின் பிழைதிருத்தியும் பல நேரங்களில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது.

இனி நெருக்கத்துக்கு வருவோம். எத்தனை நாள் இடைவெளி இருந்தால் இத்தொடரை எழுதலாம் என்று கேட்பவர்களுக்கு நான் 1954ஆம் ஆண்டின் மைல் ஓட்டத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ஸ்வீடனின் குண்டர் ஹெக் 1945இல் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடி ஏற்படுத்திய உலக சாதனை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1954 மே 6ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் ராஜர் பானிஸ்டர் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலாகக் கடந்தார். அதே ஆண்டு ஜூன் 21ஆம் தேதி, பின்லாந்தின் துர்க்கு நகரில் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அவரைவிட ஒரு விநாடிக்கும் மேல் குறைவான நேரத்தில் ஓடி அந்தச் சாதனையைத் தமதாக்கிக்கொண்டார். இடையில் கழிந்தவை 46 நாட்கள். ஒரு கைப்பேசி நிறுவனம் புதிய மாதிரியை வெளியிட்ட 46 நாட்களுக்குப் பின் போட்டி நிறுவனம் தன் மாதிரியை வெளியிட்டால் அதை நெருக்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் நிலைத்த ஒரு சாதனை முறிந்த பிறகு 46 நாட்களில் அடுத்த முறிவு நேர்ந்தது என்றால், அது குதிகாலை ஒட்டி வந்ததுதான். நாள்காட்டியைப் பார்த்து எண்ணுவதைவிட, அந்தத் துறையில் இத்தகைய நிகழ்ச்சிகள் வழக்கமாக எவ்வளவு இடைவெளியில் வருகின்றன என்று பார்ப்பதே இதற்குச் சரியான அளவுகோல்.

இவ்விருவரின் கதையில் இத்தொடரின் நேர்ப்பொருளும் கிடைத்துவிடுகிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி வான்கூவரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் லாண்டி தொடக்கத்திலிருந்தே முன்னணியில் ஓடினார். பல கெஜம் பின்தங்கியிருந்த பானிஸ்டர் சிறிது சிறிதாக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசி வளைவில், பின்னால் வருபவர் எங்கே இருக்கிறார் என்று அறிய லாண்டி தம் இடத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்த அதே கணத்தில் பானிஸ்டர் வலப்புறமாக அவரைக் கடந்துவிட்டார். முடிவில் பானிஸ்டருக்கு 3 நிமிடம் 58.8 விநாடி, லாண்டிக்கு 3 நிமிடம் 59.6 விநாடி. அந்தக் கணத்தை வெண்கலச் சிலையாகவே அந்நகரில் வடித்து வைத்திருக்கிறார்கள். கடப்பதற்குச் சற்று முன்பு வரை பானிஸ்டர் லாண்டியின் குதிகாலை ஒட்டி ஓடினார் என்று எழுதலாம். கடந்த பிறகு எழுதக் கூடாது. பின்னால் வருபவர் பின்னால் இருக்கும்வரைதான் இத்தொடருக்கு உயிர் உண்டு. இரு நிறுவனங்கள் மாறி மாறி முந்திக்கொள்ளும் நிலையைச் சொல்ல இதைப் பயன்படுத்துகிறவர்கள், யாருடைய குதிகால் யாருக்கு முன்னால் இருக்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு: இருவரும் ஒரே தடத்தில் ஓட வேண்டும். தென்துருவத்தை நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14ஆம் தேதி அடைந்தார். பிரிட்டனின் ராபர்ட் ஸ்காட் 1912 ஜனவரி 17ஆம் தேதி, 34 நாட்கள் கழித்து அடைந்தார். இங்கே இத்தொடரை எழுதலாமா என்று கேட்டால் எனக்குத் தயக்கமே மிஞ்சும். இருவரும் வெவ்வேறு தளங்களிலிருந்து வெவ்வேறு வழிகளில் சென்றவர்கள். அங்கே சென்று நார்வேக் குழுவினர் விட்டுச்சென்ற கூடாரத்தைக் காணும்வரை ஸ்காட் யாரையும் விரட்டிப் பிடிக்கும் தொலைவில் இருக்கவில்லை. துருவத்தை அடைந்த இரு நிகழ்ச்சிகளை மட்டும் ஒப்பிட்டால் நியாயம் சொல்ல முடியும். ஸ்காட் என்ற மனிதரை அமுண்ட்சென்னின் குதிகாலில் நிறுத்த முடியாது.

இதிலிருந்தே வாக்கிய அமைப்பு பற்றிய ஒரு கவனமும் பிறக்கிறது. நிகழ்ச்சியை நிகழ்ச்சியோடும் ஆளை ஆளோடும் இணைக்க வேண்டும். ஆக்ஸ்போர்டு ஓட்டத்தின் குதிகாலை ஒட்டித் துர்க்கு ஓட்டம் வந்தது என்பது செம்மையான வாக்கியம். ஆக்ஸ்போர்டு ஓட்டத்தின் குதிகாலை ஒட்டி என்று ஆங்கிலத்தில் தொடங்கி, காற்புள்ளி வைத்து, அடுத்து எழுவாயாகச் செய்தித்தாள்களைக் கொண்டுவந்தால், ஓடியவை செய்தித்தாள்கள் என்றாகிவிடும். வாக்கியத்தின் தலையில் இத்தொடரை வைப்பவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் விழுகிறார்கள்.

காரண காரியத்தை இத்தொடரின் மீது ஏற்றுவது அடுத்த குறை. குதிகால் அடுத்தடுத்து வந்ததை மட்டுமே சொல்லும். முன்னதால் பின்னது விளைந்தது என்று சொல்லாது. விளைவைச் சொல்ல, கப்பல் போன பின் நீரில் விரியும் தடத்தைக் குறிக்கும் 'இன் தி வேக் ஆஃப்' என்ற தொடர் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதியின் ஆழிப்பேரலைக்குப் பின், ஹைதராபாத்தில் 2007இல் இந்தியாவின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்ததைச் சொல்ல அதுவே ஏற்றது. அங்கே குதிகாலை எழுதினால், ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளியையும் மறைத்து, காரணத்தையும் விட்டுவிட்டதாகும்.

கடைசியாக, 'ஹாட்' என்ற சொல்லின் சூடு. வேட்டை நாய்கள் மோப்பம் பிடிக்கும் புதிய தடத்தைச் சூடானது என்றும் பழைய தடத்தை ஆறியது என்றும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 111ஆம் பிரிவு, சட்டம் மீறிய கப்பலைக் கடலோர நாடு துரத்திச் செல்லும் உரிமைக்கு 'ஹாட் பர்சூட்' என்று இந்தச் சூட்டையே பெயராகக் கொண்டிருக்கிறது. துரத்தல் இடையில் அறுபடக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ஆகவே இச்சொல்லில் விரட்டலும் விறுவிறுப்பும் ஒட்டிக்கொண்டே வரும். பந்தயத்துக்கும் வணிகப் போட்டிக்கும் அது பொருந்தும். தந்தை இறந்த மறுவாரம் தாயும் இறந்தார் என்று எழுதும் இரங்கற் குறிப்பில் அதை வைத்தால் அநாகரிகமாகத் தொனிக்கும். அங்கே 'கடினம்' என்றும் பொருள்படும் 'ஹார்ட்' என்ற சொல்லைக் கொண்ட 'ஹார்ட் ஆன் தி ஹீல்ஸ் ஆஃப்' என்ற வடிவமே தகும். அச்சொல்லுக்கு 'மிக அருகில்' என்ற பழம்பொருளும் உண்டு. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், தன் தந்தையின் இறுதிச் சடங்குக்கும் தாயின் மறுமணத்துக்கும் இடையே நாள் அதிகம் செல்லவில்லை என்று இளவரசன் குத்திக்காட்டும்போது, அவன் நண்பன் ஹொரேஷியோ அதை ஒப்புக்கொள்வது இதே சொல்லைக் கொண்டுதான். அதே நாடகத்தில் ஒஃபீலியா என்ற பெண் நீரில் மூழ்கியதை அவள் அண்ணனிடம் அறிவிக்க வரும் அரசியோ, அதாவது இளவரசனின் தாயோ, ஒரு துயரம் மற்றொரு துயரத்தின் குதிகாலை மிதித்துக்கொண்டு வருகிறது, அத்தனை விரைவாக அவை தொடர்கின்றன என்கிறாள். 'பட்ட காலிலே படும்' என்று நாம் சொல்லும் இடம் அது. அரசியின் வாயில் குதிகால் மட்டும் வருகிறது, சூடு வரவில்லை. சாவுச் செய்தி எழுதுபவர்கள் அவளைப் பின்பற்றலாம். அல்லது 'சூன் ஆஃப்டர்' என்று எழுதிவிட்டுப் போகலாம், அதில் எந்தக் குறையும் இல்லை.