ஆர்சி டிரக்கின் சக்கரங்களை 15 மில்லிமீட்டர் வெளியே தள்ளிய அனுபவம்

என்னிடம் இருப்பது 1/5 அளவு ரிமோட் மான்ஸ்டர் டிரக். நான்கு சக்கரமும் இழுக்கும், பேட்டரியோடு பத்து கிலோவுக்கு மேல் எடை. செம்மண் மைதானத்தில் நேராக ஓடும்போது பார்க்கவே ஆசையாக இருக்கும். வேகத்தில் கொஞ்சம் திருப்பினால் போதும், உள்பக்கச் சக்கரம் இரண்டும் தூக்கி, வண்டி உருண்டுவிடும். ஒரு ஞாயிறு காலையில் மட்டும் பதினொரு முறை ஓடிப்போய் நிமிர்த்தினேன். அன்றுதான் சக்கர அகலத்தைக் கூட்டுவது என்று முடிவு செய்தேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்து பார்த்தேன். பலகையில் வண்டியைக் குறுக்காக நிறுத்தி, கீழ்ப்பக்க டயர் சறுக்காமல் ஒரு ரீப்பரை ஆணியடித்து, பலகையின் மறுபக்கத்தை மெல்லத் தூக்கினேன். போனில் கோணம் பார்த்தபோது, 54 டிகிரியில் வண்டி கவிழ்ந்தது. டயரின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 540 மில்லிமீட்டர். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 196 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இந்த அளவு வண்டிகளில் சக்கரத்தைச் சுழற்றுவது 24 மில்லிமீட்டர் ஹெக்ஸ் என்னும் அறுகோணத் துண்டு. ஆக்சிலில் குறுக்கே ஒரு சிறு கம்பி (பின்), அதன்மேல் ஹெக்ஸ், அதன்மேல் சக்கரம், கடைசியில் நட். ஹெக்ஸைத் தடிமனாக்கினால் சக்கரம் வெளியே போகும் என்று நினைத்து, கோவையில் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். 24 மில்லிமீட்டர் அறுகோண அலுமினியக் கம்பியில் 8 மில்லிமீட்டர் கூடுதல் தடிமனோடு நான்கு ஹெக்ஸ் கேட்டேன். பட்டறை அண்ணன் ஆக்சிலையும் நட்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நட்டு பிடிக்க மரை மிச்சம் இருக்குமாங்க?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். அளந்து பார்க்கவில்லை.

மாட்டியபோது நட்டுக்குள் மூன்று மரைதான் ஏறியது. நட் தானாகக் கழலாமல் பிடித்துக்கொள்ளும் நைலான் வளையம்வரை ஆக்சில் எட்டவே இல்லை. இரண்டாவது பேட்டரியில் பின்சக்கரம் ஒன்று தனியாக உருண்டு வேலியில் போய் நின்றது. அந்தப் பக்கம் குழந்தைகள் யாரும் இல்லை. பத்து கிலோ வண்டி வேகத்தில் வீசும் சக்கரம் காலில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்து அன்று முழுவதும் மனசு சரியில்லை. நட் இறுகிய பிறகு ஆக்சிலின் நுனி நைலானைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த ஹெக்ஸோடு வண்டியை ஓட்டவே கூடாது.

அடுத்து வாங்கியது இரண்டு கட்டமாக மாட்டும் நீட்டிப்பு அடாப்டர். உள்ளே இருக்கும் நட் அடாப்டரை ஆக்சிலோடு இறுக்கும். சக்கரத்தின் நட் அடாப்டரின் சொந்த மரையில் ஏறும். பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, உள் நட்டுக்கு நீல நிற மரைப்பசை போட்டு, ஒரு இரவு காயவிட்டேன். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்று லேசாக ஆடியது. கழற்றிப் பார்த்தால் ஹெக்ஸ் முகத்தில் மண் துகள் ஒட்டியிருந்தது.

மாட்டி முடித்ததும் வண்டி 3 மில்லிமீட்டர் தாழ்ந்து உட்கார்ந்தது. சக்கரம் வெளியே போனதால் சஸ்பென்ஷன் கையின் நெம்பு நீளம் கூடி, பழைய ஸ்பிரிங் மென்மையாகிவிட்டது. மறுபடி பலகையில் ஏற்றினேன்: 56 டிகிரி. இவ்வளவு வேலைக்கு இரண்டே டிகிரி! கணக்கை மறுபடி பார்த்தேன். இந்த வண்டியில் எடை மையத்தை 1 மில்லிமீட்டர் இறக்குவது, மொத்த அகலத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கூட்டுவதற்குச் சமம். ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையங்களான காலர்களைத் தளர்த்தி இன்னும் 10 மில்லிமீட்டர் இறக்கினேன். 57ஐத் தாண்டியது. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. முதலில் செய்திருக்க வேண்டியது அதைத்தான்.

அகலம் கூடியதற்கு வண்டி வேறு இடங்களில் விலை கொடுக்கிறது. முன்சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து டயர் தள்ளிப் போனதால், ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவும் சூடாகிறது. முழுத் திருப்பத்தில் டயர் பெரிய வட்டம் போட்டு முன் பம்பரில் உரசியது. டிரான்ஸ்மிட்டரில் திருப்பும் அளவைக் கொஞ்சம் குறைத்தேன். வெளிப்பக்க பேரிங் மீதும் சுமை அதிகம். முன்பு எப்போதாவது பார்ப்பேன், இப்போது நான்கு பேட்டரிக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கிறேன்.

போன ஞாயிறு அதே மைதானத்தில் இரண்டு முறைதான் உருண்டது. அடுத்த வாரம் முன்பக்கத்துக்கு மட்டும் 10 மில்லிமீட்டர் அடாப்டர் போட்டு, சர்வோ சூட்டைத் தொட்டுப் பார்க்கப்போகிறேன்.