ஊறலில் பிறக்காத விஷம்

"கள்ளச்சாராயத்துல மெத்தனால் எப்படி சார் வருது? சரியாக் காய்ச்சத் தெரியாததாலயா?" எங்கள் கரைப்பான் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் தவறாமல் கேட்பது இது. மெத்தனால் என்பது குடித்தால் ஆளைக் கொல்லும் ஆல்கஹால். பதிலுக்கு நான் அமெரிக்காவுக்குப் போய்விடுவேன்.

அங்கே 1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரை மதுவிலக்கு. சிகாகோவின் இத்தாலியக் குடியிருப்புகளில் ஜென்னா சகோதரர்கள் என்ற சாராயக் கும்பல்காரர்கள் வீட்டுக்கு வீடு வடிகலம் கொடுத்து, காய்ச்சித் தர நாளுக்கு 15 டாலர் கூலி தந்தார்கள். சோளச் சர்க்கரையில் ஊறல் போட்டு அடுப்பில் ஏற்றுவார்கள். நாற்றம் குடலைப் புரட்டியிருக்கும். ஆனால் சர்க்கரை ஊறலில் மெத்தனால் அநேகமாக உருவாவதே இல்லை. பழத்தோலில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் இருந்தால்தான் கொஞ்சம் வரும்.

கலவையில் உள்ளவற்றைப் பிரித்து வரைகோடாகக் காட்டும் கேஸ் குரோமேட்டோகிராஃப் கருவியில், குடிக்கும் ஆல்கஹாலான எத்தனாலுக்குச் சற்று முன்னால் மெத்தனாலின் முகடு எழும். சர்க்கரையில் வந்த ஆல்கஹாலை ஏற்றினால் அந்த இடத்தில் கோடு தரையோடு போகும். மெத்தனால் கலந்த தொழிற்சாலை ஸ்பிரிட்டை ஏற்றினால் ஊசியாய் நிமிரும். காய்ச்சும்போது முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட்டால் போதும் என்று சிலர் அடித்துப் பேசுவார்கள். கலந்த மெத்தனால் அவ்வளவு சமர்த்தாக வெளியேறாது, எத்தனாலோடு ஒட்டிக்கொண்டே வரும்.

அப்படியானால் அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் மெத்தனாலால் அத்தனை பேர் செத்தது எப்படி? தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடித்துவிடக் கூடாதென்று சட்டப்படியே அதில் மெத்தனால் சேர்த்தார்கள். கடத்தல்காரர்கள் அதைத் திருடி, மறுபடி வடித்து விற்றார்கள். அரசு அசரவில்லை, 1927 தொடக்கத்தில் விஷத்தின் அளவை இன்னும் கூட்டியது. நியூயார்க்கின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ் அரசையே பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். நல்ல சரக்கு வாங்க வழியில்லாத ஏழைகள்தான் சாகிறார்கள் என்றார். ஆதாரம் அவருடைய நச்சியலாளர் அலெக்சாண்டர் கெட்லரின் மேசையில் இருந்தது. மெத்தனாலைக் கண்டுபிடிப்பது இன்று எங்களுக்குச் சில நிமிட வேலை. அந்த மனிதர் பிணத்தின் உறுப்பை அரைத்து, நீராவியில் வடித்து, மெத்தனாலைத் தனியே காட்ட வேண்டியிருந்தது. கருவி பழுதென்று நாங்கள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் மெத்தனால்தான். அதுவும் ஊறலில் பிறந்ததல்ல.

அதற்காக வீட்டில் காய்ச்சியவர்களுக்கு நற்சான்றிதழ் தர மாட்டேன். ஆவியைக் குளிரவைக்கப் பழைய கார் ரேடியேட்டரை மாட்டியவர்கள் உண்டு. பற்றவைப்பில் இருந்த ஈயம் கரைந்து சரக்கில் இறங்கியது. அதை எங்கள் குரோமேட்டோகிராஃபில் ஏற்றினால் சுத்தம் என்றே காட்டும். ஈயத்தைப் பிடிக்க அட்டாமிக் அப்சார்ப்ஷன் கருவிக்குத்தான் போகவேண்டும்.