பின்னால் இடித்தால் தப்பு முழுக்க நம்முடையதா?

பைபாஸில் முன்னால் போன கார், சிக்னல் எதுவும் போடாமல் நடுச்சாலையில் சட்டென்று நின்றது. பைக்கில் வந்த என் தம்பி அதன் பின்னால் மோதி விழுந்தான். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஸ்டேஷனில், "பின்னால இடிச்சவன் மேலதான் கேஸ்" என்று சொல்லி அவன் மேலேயே எஃப்ஐஆர் போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் வக்கீல்தான் தெம்பு கொடுத்தார். எஃப்ஐஆரில் இருப்பதே தீர்ப்பாகிவிடாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சாட்சியங்களைத் தானே எடைபோட்டுப் பார்க்கும். கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எப்படி நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு மனு போட ஆறு மாதம்தான் என்று சட்டத்தில் இருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்துப் பெட்ரோல் பங்க் கேமரா. பழைய பதிவு அழிந்துவிடும் என்று பயந்து, அங்கே போய்க் கெஞ்சி வாங்கினேன். காருக்கு முன்னால் சாலை காலியாக இருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்த படம், அந்த இடத்தைப் பார்த்து எழுதிய மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் வாங்கினோம்.

தீர்ப்பாயத்தில் நடந்த குறுக்கு விசாரணையில் கார் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்: "எவ்வளவு இடைவெளி விட்டு வந்தீங்க?" நியாயமான கேள்விதான். 1989 சாலை விதிகளில் 23-ஆவது விதி, முன்வண்டிக்கும் நமக்கும் போதிய இடைவெளி கேட்டது. ஆனால் அடுத்த விதியே, பாதுகாப்புக் காரணம் இல்லாமல் திடீரென்று பிரேக் போடாதே என்றது. இந்த இரண்டாவதை யாரும் பேசுவதே இல்லை.

எங்கள் வக்கீல் 2025 ஜூலையில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினார். 2017-இல் கோவையில் இதே மாதிரி ஒரு கார் சட்டென்று நிற்க, பைக்கில் வந்த மாணவர் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் ஏறிக் காலை இழந்தார். நெடுஞ்சாலையில் சிக்னல் இல்லாமல் அப்படி நிறுத்துவது கவனக்குறைவு என்று சொன்ன நீதிமன்றம், கார் 50, பஸ் 30, மாணவர் 20 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது.

எங்கள் கேஸில் கார் 70, தம்பி 30 சதவீதம் என்று பிரித்தார்கள். தம்பியின் பங்கான 30 சதவீதத்தைக் கழித்துத்தான் தொகை வந்தது. இடைவெளியைக் காரணம் காட்டினார்கள், சரி, ஏற்றுக்கொண்டோம். தொடையில் வைத்த பிளேட்டை எடுக்கும் ஆபரேஷனுக்கு அந்தப் பணம்தான் கைகொடுத்தது.