உப்பை எடை போட்டு முடித்த எம்பிஏ

எங்கள் ஆயா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். ஒரு காலத்தில் நெல்லும் தென்னையும் இருந்த ஒன்றரை ஏக்கரில் இன்று வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது. அதே ஊரில்தான் நைனா முப்பது வருடம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டினார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தார். கிணற்றைக் கெடுத்ததும் எனக்கு ஃபீஸ் கட்டியதும் ஒரே தொழில். இந்த இரண்டையும் ஒரே தாளில் வைத்துக் கணக்குப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் எம்பிஏவில் நீடித்த வணிக மேலாண்மையை எடுத்தேன். இந்தப் பாடத்தை எடுக்கலாமா என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால், நான் எப்படிப் படித்து முடித்தேன் என்று எழுதுகிறேன்.

சேர்ந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பி.காம் முடித்து, எம்பிஏ நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி, 2022இல் கலந்தாய்வு மூலம் வேலூர் பக்கம் ஒரு கல்லூரி கிடைத்தது. ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயில், அங்கிருந்து பஸ். முதல் வருடம் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள். இரண்டாம் வருடம் விருப்பப் பாடம் எடுக்கும்போது வகுப்பில் பெரும்பாலானவர்கள் ஃபைனான்ஸ், எச்ஆர் பக்கம் போனார்கள். இந்தப் பக்கம் வந்தது ஒன்பது பேர். "இத படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அன்று என்னிடம் பதில் இல்லை.

முதல் மாதம் முழுக்க வரையறைகள். நீடித்த வளர்ச்சி என்றால் என்ன என்று சொன்ன 1987 புருண்ட்லாண்ட் அறிக்கை, லாபத்தோடு மக்களையும் பூமியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க ஜான் எல்கிங்டன் 1994இல் சொன்ன 'மூன்று அடிக்கோடுகள்', 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள். தேர்வுக்கு வேண்டியவைதான், படித்தேன். ஆனால் மனதில் எதுவும் ஒட்டவில்லை.

ஒட்டியது சட்ட வகுப்பில். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் முக்கியமான தீர்ப்புகளைப் பார்க்கலாம் என்று சொல்லி மேடம் பலகையில் ஒரு வழக்கின் பெயரை எழுதினார். முதல் சொல்லே 'வேலூர்'. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் எதிர் இந்திய ஒன்றியம், 1996 ஆகஸ்ட் 28. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வரும் என்று சந்தேகம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது இந்த வழக்கில்தான். நாடு முழுக்கச் சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் படிக்கும் தீர்ப்பு. அது எங்கள் ஆற்றைப் பற்றியது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று ரயிலிலேயே தீர்ப்பு முழுவதையும் படித்தேன். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்றும், இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிரிட முடியாமல் போய்விட்டது என்றும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு தோல் ஷாப்பும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்று உத்தரவு. அந்த 35,000 ஹெக்டேரில் எங்கள் ஒன்றரை ஏக்கரும் எங்கோ இருக்கிறது என்று நினைத்தபோது வாணியம்பாடிக்காரியான எனக்குத் தொண்டை அடைத்தது. நோட்ஸை மட்டும் படித்து விட்டுவிடாதீர்கள், தீர்ப்பையே படியுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் கடினம், ஆனால் நம் ஊர்ப் பெயர்கள் வரும் பக்கங்கள் தானாகப் புரியும்.

அப்புறம் கணக்கு வகுப்புகள் வந்தன. ஒரு கம்பெனியால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்று பார்க்கும் கார்பன் கணக்கை பி.காம் படித்தவர்கள் பயப்படாமல் எடுக்கலாம். கம்பெனியிலேயே எரியும் டீசல், கேஸ் எல்லாம் ஸ்கோப் 1 என்ற முதல் பிரிவு. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மூலப்பொருள், லாரி, விற்ற பிறகு நடப்பது என்று மற்றதெல்லாம் ஸ்கோப் 3. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நம் நாட்டு மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, மத்திய மின்சார ஆணையம் இதற்கான அட்டவணையை அவ்வப்போது வெளியிடுகிறது. பெருக்கல் யாருக்கும் வரும். பெருக்க வேண்டிய எண்ணைக் கண்டுபிடிப்பதில்தான் பாடமே இருக்கிறது என்பதை புராஜெக்டில்தான் புரிந்துகொண்டேன்.

புராஜெக்டுக்கு ஆறு வாரம். என் கைடு, 120 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, பசுமைப் பொருட்கள் பற்றிய விழிப்புணர்வை ஆராயச் சொன்னார். பாதுகாப்பான தலைப்பு, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் ஒரு தோல் ஷாப்புக்குள் என்ன போகிறது, என்ன வருகிறது என்று எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். "டேட்டா தர மாட்டாங்கம்மா" என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. மூன்று இடங்களில் கேட்டேன். ஒன்றில் கேட்டைத் தாண்டவே விடவில்லை, ஒன்றில் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தார்கள், ஒன்றில் பத்திரிகைக்காரி என்று சந்தேகப்பட்டார்கள். பல வருடமாக வழக்கு, ஆய்வு, சீல் என்று பார்த்தவர்கள், சந்தேகப்படத்தான் செய்வார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை.

கடைசியில் நைனாவின் பழைய மேஸ்திரி ஒருவர் வழி காட்டினார். ஜாப் ஒர்க் எடுக்கும், அதாவது மற்றவர்களின் தோலைக் கூலிக்குப் பதனிடும் சின்ன யூனிட். முதலாளி பாய் என்னை உட்காரவைத்து டீ கொடுத்து, "பேரு வரக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. கணக்கு எடுத்தா எனக்கும் ஒரு காப்பி குடும்மா" என்றார். அந்த மூன்று நிபந்தனைகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் பாதியில் நின்றுவிடும்.

40 நெடுவரிசைகள் உள்ள எக்செல் ஷீட் ஒன்றைப் பெருமையாகத் தயாரித்து வைத்திருந்தேன். முதல் வாரத்தில் நிரம்பியது 11. எண்கள் எல்லாம் எதிர்பாராத இடங்களில் இருந்தன. மின்சாரம் ஈபி பில்லில். டீசல், சில்லறைச் செலவு வவுச்சரில். ஒவ்வொரு லாட்டின், அதாவது ஒரு தடவை பதனிட எடுக்கும் மொத்தத் தோலின், எடையும் டிரம்முக்குப் பக்கத்துச் சுவரில் மேஸ்திரி சாக்பீஸால் எழுதியிருந்தார். லாட் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். அதனால் தினமும் காலை ஏழு மணிக்கு முன்னால் போய்ச் சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டேன். தண்ணீருக்கு, டேங்கர் எத்தனை டிரிப் வந்தது என்று வாட்ச்மேன் நோட்டில் கோடு போட்டிருந்தார்.

உப்புக்கு மட்டும் எங்கேயும் எண் இல்லை.

கெடாமல் இருக்கத் தோலை உப்புப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். தோலின் எடையில் 40 சதவீதம் அளவுக்குக்கூட உப்பு போடுவதுண்டு. ஊறப்போடும்போது அது கரைந்து தண்ணீரோடு போய்விடும். பாய் உப்பைத் தனியாக வாங்கவில்லை, அது தோலோடு வந்தது. வாங்காத பொருளுக்கு பில் கிடையாது, பில் இல்லாத பொருள் புத்தகத்தில் ஏறாது. எங்கள் கிணற்றை உப்பாக்கிய சரக்கு எந்தக் கணக்கிலும் இல்லாமலேயே இத்தனை வருடம் உள்ளே வந்து வெளியே போயிருக்கிறது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் பாயிடம் கேட்டு, ஊறப்போடுவதற்கு முன்னால் ஒரு லாட்டை உதறிப் பார்த்தோம். இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டத்தின் மேல் ஆட்டுத் தோலை ஒவ்வொன்றாக இரண்டு பேர் பிடித்து இரண்டு மூன்று முறை ஓங்கி அடிப்பார்கள். சட்டத்தின் இடுக்கு வழியாக உப்பு கீழே தார்ப்பாயில் கொட்டும். வெள்ளையாக இல்லை, முடியும் ரத்தமும் ஒட்டிய பழுப்பு நிறம். நானும் ஒரு மணி நேரம் பிடித்தேன். நகக்கண் எரிந்தது, உதட்டில்கூட உப்பு கரித்தது. ஒரு டன் தோலை உதறி முடித்து, கூட்டி அள்ளித் தராசில் வைத்தோம். 58 கிலோ. மேஸ்திரி எட்டிப் பார்த்து, "இவ்ளோவா?" என்றார். முப்பது வருடமாகத் தோலை உதறாமல் அப்படியே தொட்டியில் இறக்கியவர் அவர்.

அந்த 58 கிலோ ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். தண்ணீரில் ஒருமுறை கரைந்துவிட்ட உப்பை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்று ஆன பிறகு, பல தோல் ஷாப்புகள் உறுப்பினராகச் சேர்ந்திருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்ஓ வைத்து நல்ல தண்ணீரைப் பிரிக்கிறார்கள். மிச்சமிருக்கும் கடும் உப்புநீரை நீராவி வைத்துக் காய்ச்சி வற்ற வைக்கிறார்கள். அதற்கு எரிபொருள் வேண்டும். காய்ச்சிய பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை எதற்கும் பயன்படுத்துவது கஷ்டம், மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்க வேண்டியதுதான். உலர்ந்த நிலையில் உதறி எடுத்த உப்பு அப்படியில்லை. கரைத்து, தெளியவைத்து, வடிகட்டினால் தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் போடும் பிக்கிளிங் வேலைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இது கெமிக்கல் இன்ஜினியரிங் மாதிரி இருக்கே, மேலாண்மை எங்கே?" என்று கேட்டார். செலவுத் தாளைத் திறந்து காட்டினேன். உதறுவதற்கு இரண்டு ஆள் கூலி பாய் கையிலிருந்து போகிறது. அந்த யூனிட் சேர்ந்திருந்த சுத்திகரிப்பு நிலையத்தில் கட்டணம் தண்ணீரின் அளவுக்குத்தான், உப்பின் அளவுக்கு இல்லை. ஆக, உப்பைக் குறைப்பவர் தனியாகச் செலவு செய்கிறார், காய்ச்சும் செலவில் மிச்சமாவதை எல்லா உறுப்பினர்களும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இப்படி இருந்தால் யார் உதறுவார்கள்? கட்டணத்தில் உப்புக்கும் ஒரு விலை வைத்தால் ஊரில் எல்லோரும் உதறுவார்கள். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, கட்டணத்தை எப்படிப் பிரிப்பாய் என்று கேட்டார். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் அதைப் பற்றியே பேசினோம்.

வேலைக் கேள்விக்கு வருகிறேன். 2024இல் படிப்பு முடிந்ததும் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டு வாங்குநர்கள் அனுப்பும் கேள்வித்தாள்களுக்கு ஆதாரத்தோடு பதில் தயாரிப்பதுதான் பாதி வேலை. தோல் ஷாப்புகளின் சுற்றுச்சூழல் செயல்பாட்டைத் தணிக்கை செய்யும் சர்வதேச அமைப்பான லெதர் ஒர்க்கிங் குரூப் தரும் சான்று இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு, கார்பன் எவ்வளவு என்று கேட்கிறார்கள். உள்நாட்டிலும், பங்குச் சந்தையில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள் 2022-23 நிதியாண்டிலிருந்து பிஆர்எஸ்ஆர் எனும் வணிகப் பொறுப்பு, நீடித்த தன்மை அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. பெரிய கம்பெனி கேட்டால் அதற்குச் சரக்குத் தரும் சின்ன யூனிட்டும் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே சாக்பீஸ் எழுத்தையும் வாட்ச்மேன் கோட்டையும் படிக்கத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறது. சம்பளம் ஃபைனான்ஸ் போன நண்பர்களைவிடக் கொஞ்சம் குறைவு, மறைக்கவில்லை. ஆனால் இந்த வேலைக்கு நம் பகுதிப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் வேறு யாரும் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் கழிவு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றும், பாலாற்றை மீட்கக் குழு அமைக்க வேண்டும் என்றும். ஊருக்குப் போனபோது ஆயாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி மாறுமாடி?" என்றார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது நான்கைந்து மாதம் கிணறு நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது என்றும் அவரே சொன்னார்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்ட, புராஜெக்டுக்கு வாங்கிய டிடிஎஸ் மீட்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. ஒவ்வொரு மாதமும் அமாவாசையை ஒட்டி ஊருக்குப் போகும்போது ஒரு வாளி சேந்தி, மீட்டரை விட்டுப் பார்த்து, ஆயா வீட்டுக் காலண்டரில் எழுதி வைக்கிறேன். போன மாதம் 3,140.