போதுங்களா?

"போதுங்களா சார்?" என்று மேஸ்திரி கேட்டார், "போதுங்கண்ணா, தூக்கிரலாம்" என்று நான் சொன்னேன். நான்கு ஆண்டுகள் ஆகியும் இந்த இரண்டு வரிகளை என்னால் கடந்து போக முடியவில்லை. அவர் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அது தெரியவில்லை என்பதைக்கூட உணராமல் பதில் சொல்லிவிட்டேன் என்பதுதான் உறுத்துகிறது.

கணபதியிலிருந்த பட்டறையைச் சின்னவேடம்பட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். இரும்பு கடையும் மிஷினான லேத்துகளில் கடைசியானது ஏறக்குறைய 1,800 கிலோ. வேலைப்பொருளைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம் என்பதால் தூக்கும் பெல்ட்டை அதை ஒட்டிப் போட்டு, மீதி வித்தியாசத்துக்கு, வெட்டுளியைத் தாங்கி நகரும் சேடிலையும் எதிர்முனைத் தாங்கியான டெயில்ஸ்டாக்கையும் மறுகோடிக்குத் தள்ளி ஈடுகட்டுவது கோவைப் பட்டறைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த வேலை. சங்கிலி இழுத்துத் தூக்கும் செயின் பிளாக்கில் ஓரங்குலம் தூக்கிப் பார்த்தோம்; இவையெல்லாம் உட்கார்ந்திருக்கும் நீண்ட அடிப்பாகமான பெட் மட்டமாக நின்றது. அப்போதுதான் அவர் கேட்டார். சேடிலைத் தள்ளியது போதுமா என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு, போதும் என்றேன். சேடிலை நகராமல் பிடிக்கும் லாக் போல்ட்டை முடுக்காமல் விட்டால் போதுமா என்று அவர் கேட்டிருக்கவும் கூடும். அந்த நேரத்தில் அவர் கையில் ஸ்பேனர் இருந்ததா என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் இருந்ததாக நினைவில்லை. இப்போதெல்லாம் இருந்ததாகவே தெரிகிறது. அடிக்கடி எடுத்துப் பார்க்கும் நினைவு தேய்ந்து வேறொன்றாகிவிடுகிறது போலும்.

ஓரடி உயரத்தில் வைத்து, மேலே போட்டிருந்த இரும்பு உத்தரமான கர்டரில் தள்ளிக்கொண்டு போகையில், அதில் ஓடும் சக்கரம் ஓர் இணைப்பில் தட்டிக் குலுங்கியது. ஹெட்ஸ்டாக் சற்றே தாழ்ந்தது. தாழ்ந்த பக்கம் நோக்கிச் சேடில், எண்ணெய் போட்ட பெட்டின் மேல், சத்தமில்லாமல் வழுக்கி வந்தது.

தொங்கும் பொருள் எப்போதும் உறுதிச் சமநிலையில் இருக்கும் என்றுதான் பாலிடெக்னிக்கில் படித்தேன். ஈர்ப்பு மையம் கொக்கிக்கு நேர் கீழே இருக்கும். பொருள் சாய்ந்தால் அதன் எடையே அதைத் திருப்பும் விளைவை, அதாவது திருப்புத்திறனை, உண்டாக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அது பொய்யல்ல. ஆனால் அந்தக் கணக்கு, பொருளின் பகுதிகள் ஒன்றுக்கொன்று நகராது என்ற நிபந்தனையின் மேல் நிற்கிறது. அந்த நிபந்தனையைப் பாடத்தின் முதல் வரியில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஏப்ரன், டூல்போஸ்ட் எனும் அதன் பாகங்கள் எல்லாம் சேர்த்து 150 கிலோ வரும் சேடில் 60 சென்டிமீட்டர் நகர்ந்தால், 150-ஐ 60-ஆல் பெருக்கி 1,800-ஆல் வகுக்க, முழு லேத்தின் ஈர்ப்பு மையம் 5 சென்டிமீட்டர்தான் நகரும். கூரை தாழ்வு என்பதால் பெல்ட்டைக் குட்டையாகக் கட்டியிருந்தோம். கொக்கிக்கும் மையத்துக்கும் அரை மீட்டர்கூட இருந்திருக்காது. அந்த இடைவெளிக்கு 5 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஆறு பாகைச் சாய்வு. பெல்ட் நீளமாக இருந்திருந்தால் அதே 5 சென்டிமீட்டருக்குச் சாய்வு குறைவாகவே இருந்திருக்கும். அந்தச் சாய்விலேயே நின்றிருந்தாலும் பரவாயில்லை. பெல்ட்டும் பெட்டின் மேல் வழுக்கி மையத்தை விட்டு விலக, கவிழ்க்கும் நெம்புதூரம் கூடிக்கொண்டே போயிற்று.

மேஸ்திரி காட்டுவேலை, அதாவது விவசாயம், தெரிந்த குடும்பத்துக்காரர். கட்டை வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் மூட்டை அடுக்க வேண்டும் என்றும், மேடேறும்போது வண்டி பின்பாரமாகி நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும் என்பதால் ஓட்டுகிறவர் முன்னால் நகர்ந்து உட்கார வேண்டும் என்றும், கயிறு போடாத பாரம் மேட்டில் தானே பின்னால் சரிந்து இன்னும் பின்பாரமாகும் என்றும் எனக்குச் சொன்னவர் அவர்தான். அப்படிப்பட்டவர் லாக்கை மறந்திருப்பாரா? மறக்காததால்தான் கேட்டார் என்று ஒரு நாளும், தெரிந்தவர் என்னிடம் கேட்காமலே முடுக்கியிருக்க வேண்டாமா என்று மறுநாளும் தோன்றுகிறது. இரண்டாவது எண்ணம் எனக்கு வசதியானது என்பதையும் அறிவேன்.

எழும்பிய டெயில்ஸ்டாக் முனையின் மேல் அவர் பாய்ந்து விழுந்து அழுத்தினார். நான் நாலடி தள்ளி நின்றேன். ஹெட்ஸ்டாக் தரையில் மோதியபோது அந்த முனை அவரைத் தூக்கிப் பக்கத்திலிருந்த டிரில்லிங் மிஷின் மேல் எறிந்தது. இடது மணிக்கட்டு முறிந்தது.

அன்றிரவு தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். அதைப் போட்டதற்காகவே வெட்கப்படுகிறேன். சேடில் நகர்ந்ததால் வந்த திருப்புத்திறன், 150-ஐ 60-ஆல் பெருக்க, 9,000 கிலோ-சென்டிமீட்டர். அவருடைய 60 கிலோ, கொக்கியிலிருந்து 120 சென்டிமீட்டரில், 7,200. ஈடுகட்ட அதே முனையில் இன்னும் 15 கிலோ போதும். என் எடை 72. விழும் பாரத்தில் எவரும் கைவைக்கக் கூடாது என்பது விதி. நான் விதிப்படிதான் நின்றேன், அவர்தான் மீறினார். பெல்ட் வழுக்கத் தொடங்கிய பிறகு இந்தக் கணக்கே செல்லாது என்பதும் உண்மை. ஆனால் நான் நின்றது விதியை நினைத்து அல்ல.

ஆஸ்பத்திரியில் முதலாளியிடம், "லாக் வெக்கறத நாந்தானுங்க மறந்துட்டேன்" என்று அவரே சொன்னார். நான் அருகில் இருந்தேன், மறுக்கவில்லை. என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, நடந்ததைச் சொன்னாரா என்று கேட்டிருக்கலாம். கட்டுப் போட்ட கையோடு படுத்திருப்பவரிடம் இதைக் கேட்பது என் நிம்மதிக்காகத்தானே என்று விட்டுவிட்டேன். அதுவும் ஒரு சாக்காக இருக்கலாம்.

கட்டுப் பிரித்து வந்த பிறகு, ஒரு ஷேப்பிங் மிஷினைத் தூக்கும்போது மறுபடியும் "போதுங்களா சார்?" என்றார். இந்த முறை, "எதைக் கேக்கறீங்கண்ணா?" என்றேன். அவர் சற்று விழித்துப் பார்த்துவிட்டு, "தூக்கலாங்களான்னுதானுங்க கேட்டேன்" என்றார்.